முதல் பாதி அக்கா, மறுபாதி நாங்கள்

போன குடியரசு தினத்தன்று மில்லர்புரத்தில், எங்கள் குடியிருப்பின் கொடிக்கம்பத்தடியில், மாடி வீட்டுப் பையன் ஒருவன் அரசியல் சாசனத்தின் முகப்புரையைச் சொன்னான். தாளைப் பார்க்கவில்லை. ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் சத்தமாக "ஆமென்" என்று சொல்லிவிட்டேன்.

மருமகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். பாவம், வயசாகிவிட்டது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு மட்டும் காரணத்தைச் சொல்கிறேன். கடற்கரைத் தெருவில் வளர்ந்து, துறைமுகத்துச் சங்கு ஊதுவதை வைத்து மணி பார்த்து, அரிக்கேன் விளக்கடியில் வீட்டுப்பாடம் எழுதிய என் வயதுக்காரர்களுக்குத்தான் இது பிடிபடும்.

அப்போது நான் நாலாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். முத்துக் குளிப்பெல்லாம் நான் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நின்றுபோயிருந்தது, சங்குதான் மிச்சம். அப்பா வந்தால் அவருக்கு முன்னால் அவருடைய வலைப்பை வாசம் வரும். சங்குச் சதை வெயிலில் அழுகும் வாசத்தை முகர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முகராதவர்களுக்கு விளக்கவும் முடியாது. அம்மா அந்தப் பையை வேலியில் தொங்கப் போடுவாள். பூனைகூடக் கிட்டே போகாது.

அப்பா பேசமாட்டார். பசிக்கிறது என்றால் தட்டை விரலால் ஒரு தட்டு. போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். கடலுக்குள் இருக்கிறவர் கயிற்றை இழுத்தால் மேலே தோணியில் இருக்கிறவருக்குச் சேதி தெரிந்துவிடும் அல்லவா, அதே பழக்கத்தை அவர் வீட்டிலும் வைத்திருந்தார். சாயங்காலம் எங்கள் வீட்டில் தெருப் பெண்கள் கூடிச் செபமாலை சொல்லும்போதும் அவர் உள்ளே வரமாட்டார். வாசற்படியில் உட்கார்ந்து பை பின்னிக்கொண்டிருப்பார். "ஒங்கப்பாவுக்கு எம்புட்டு கெருவம்" என்று எதிர்வீட்டு மாமி சொல்லுவாள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அக்காவும் பேசமாட்டாள். ஆனால் அவள் விஷயம் வேறு, தெருவுக்கே தெரியும். அவளுக்குத் திக்குவாய். வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணீர் கட்டும், எழுத்து மட்டும் வெளியே வராது. அதனால் அவள் பேச்சையே விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு கையெழுத்து! எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்ததுகூடச் சிலேட்டில் எழுதித்தான். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் அவளுக்கு நன்னடத்தைப் பரிசு கிடைக்கும். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நம் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பரிசே கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

அந்த வருடம்தான் நாசரேத் பக்கத்திலிருந்து புதுத் தலைமையாசிரியை மாறி வந்தார், எங்களுக்குப் பெரிய டீச்சர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, நடக்கும்போதே படபடவென்று சத்தம் கேட்கும். குடியரசு தினத்துக்கு முகப்புரையை வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். அதற்கு முன் எங்கள் பள்ளியில் கொடியேற்றுவோம், ஆரஞ்சு மிட்டாய் வாங்குவோம், வீட்டுக்கு வந்துவிடுவோம். அவர் அக்காவின் நோட்டைப் பார்த்துவிட்டு, பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில் முகப்புரையைப் பெரிதாக எழுதச் சொன்னார். அக்கா நீல மையில் எழுதி, ஓரத்தில் கொடி படர்வதுபோல் வரைந்தும் கொடுத்தாள்.

"ரொம்ப அருமையா எழுதியிருக்கே. எழுதினவதான் வாசிக்கணும். மேடையில நீதான் சொல்றே" என்றார் பெரிய டீச்சர்.

அமைதியான பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா "முடியாது டீச்சர்" என்று சொல்லத்தான் பார்த்தாள். 'மு' வருவதற்குள் குடை அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது.

அதே வாரம் கிட்டங்கி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். சங்கு வந்து இறங்கும் கிட்டங்கிக்கு, அந்தச் சரக்குக் கிடங்குக்கு, அவர்தான் மேற்பார்வை. கெட்ட மனுஷர் இல்லை. எங்களுக்கு வெல்லம் போட்ட பொரி உருண்டை வாங்கி வந்திருந்தார். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"மூத்தவள எங்கிட்ட விட்ருங்க. சங்கக் கழுவணும், அளவு பாத்துப் பிரிக்கணும், அவ்வளவுதான் சோலி. அங்கன யாரும் அவள ஒரு வார்த்த கேக்க மாட்டாவ. பேச்சு வராத பிள்ளைக்கு இத விட நல்ல எடம் வேற உண்டுமா? பள்ளிக்கூடத்துல தெனம் தெனம் நாலு பேரு சிரிக்க, அவ நிக்கணுமா?"

இன்று யோசித்தால் அண்ணாச்சியின் பேச்சு லேசுப்பட்டதில்லை. ஒரு பொய் இல்லை அதில், ஒரு மிரட்டல் இல்லை. அவ்வளவும் இரக்கம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே சரிதானே என்று பட்டது. அப்பா தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். அடுக்களை நிலையில் நின்றுகொண்டிருந்த அக்கா வேலியில் தொங்கிய பையைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அம்மா குறுக்கே வந்தாள். "பள்ளிக்கூடத்துல அவளக் குடியரசு தினத்துக்குச் சொல்லச் சொல்லியிருக்காவ அண்ணாச்சி. அது கழியட்டும். மேடையேறி அவ வாயால சொல்லிட்டான்னா படிக்கட்டும். சொல்லலேன்னா நானே அன்னைக்கே கொண்டுவந்து கிட்டங்கியில விடுதேன்."

அண்ணாச்சி அப்பாவைப் பார்த்தார். அப்பா அதற்கும் தலையை ஆட்டினார். குடியரசு தினத்தன்று சாயங்காலமே பதில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணாச்சி எழுந்தார்.

இப்படித்தான் அக்காவின் படிப்பு ஒரு காலண்டர் தாளில் போய் மாட்டிக்கொண்டது.

முதல் நாள் பயிற்சி பார்க்கச் சகிக்கவில்லை. "இந்திய" என்பதில் 'இ'யைத் தாண்டவே அவளால் முடியவில்லை. தாளைக் கசக்கப் போனவளை அம்மா தடுத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஓர் உடைந்த சங்கைத் தூக்கி வைத்தாள். அன்று சாயங்காலம் செபமாலை நடந்தது. உங்களுக்குத் தெரியும், செபமாலையில் ஒருத்தர் ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியைச் சொல்ல, மற்ற எல்லாரும் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். அக்கா எங்களோடு சேர்ந்து மறுபாதியைத் தடங்கலே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், யாரும் கவனித்ததில்லை. அன்று அம்மா கவனித்தாள். மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தாள்.

மறுநாள் செபமாலை முடிந்ததும் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னாள். நான் வாசிக்க வாசிக்க, மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து அந்தப் பெரிய வாக்கியத்தை உடைத்தாள். மீன் ஆய்கிறவள் அல்லவா, எங்கே கத்தி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு பாதியைத் தான் வைத்துக்கொண்டு பாதியை எங்களுக்குக் கொடுத்தாள்.

"இந்திய மக்களாகிய நாம்" என்பாள் அம்மா.

"இந்தியாவை ஒரு குடியரசாக அமைக்கவும்" என்போம் நாங்கள்.

"குடிமக்கள் அனைவருக்கும் நீதி."

"சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் அரசியலிலும்."

இப்போது அச்சில் வருவது வேறு தமிழ். எங்கள் பெரிய டீச்சர் எழுதவைத்தது ஏறக்குறைய இப்படித்தான். மீன் கூடை சுமக்கும் பெண்கள் அதைச் செபமாலை ராகத்தில் இழுத்துச் சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான்கைந்து நாளில் அம்மா இடத்தை மாற்றினாள். முதல் பாதி அக்கா, மறுபாதி நாங்கள். முதலில் நின்றாள், திணறினாள். ஆனால் ஒரு துண்டைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்ததை வாங்கிக்கொள்ள ஒரு கூட்டமே எதிரில் இருக்கிறது என்ற தைரியம் அவளுக்கு மெல்ல மெல்ல வந்தது. ஜனவரி பாதிக்கு மேல் அவள் குரல் எங்களுக்கு முன்னால் ஓடியது. எனக்கு அந்தக் குரல் புதிது. என் அக்காவின் குரல் இவ்வளவு கனமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் எதிர்வீட்டு மாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏளா, செபம்னா யார்ட்டயாவது கேக்கணும்லா? மாதாட்டக் கேக்கோம், அந்தோணியார்ட்டக் கேக்கோம். இதுல யார்ட்டக் கேக்கு? ஒருத்தர் பேரும் இல்லையே."

நான் கடைசி வரியை மறுபடி வாசித்தேன். 'இந்தச் சாசனத்தை நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்.'

அம்மா செபமாலையைச் சுருட்டி வைத்தாள். "யார்ட்டயும் கேக்கல மைனி. நாமளே எடுத்து நமக்குக் குடுத்துக்கிடுதோம்."

"நாமளேன்னா? நம்மளுமா?"

"பின்ன? மக்கள்னு போட்டிருக்குல்லா."

மாமி மூக்குத்தியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவளுக்கு வந்த காகிதமெல்லாம் அவளை எங்கேயாவது போகச் சொன்னது, வரச் சொன்னது, இங்கே நுழையாதே என்றது. நாமும் மனு எழுதினால் 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று குனிந்துதான் ஆரம்பிப்போம். இது மேலேயிருந்தும் பேசவில்லை, கீழேயிருந்தும் கெஞ்சவில்லை. வாசிக்கிறவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீயும்தான் இதைச் சொல்கிறாய் என்றது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு அது எனக்கில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மாமி அடுத்த நாளிலிருந்து எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

வாசற்படியில் அப்பாவின் கை பை பின்னிக்கொண்டேயிருந்தது.

குடியரசு தினத்தன்று காலையில் மீன் ஏலம் முடிந்து, பெண்கள் அப்படியே கூடைகளோடு பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் மூக்கைச் சுருக்கவில்லை, ஆனால் ஒரு பிள்ளையை அனுப்பி, எல்லாரும் பின்னால் வாகைமரத்தடியில் இருக்க வேண்டும், சத்தமே கூடாது என்று சொல்லிவிட்டார். மேடையில் துறைமுகத்து அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தாளி. அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சுவரோரம் ஆண்களோடு நின்றார். அவர் வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர் அன்று கடலுக்குப் போகவில்லை. மகளைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போகத்தான் இருந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அக்கா மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். இரட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். முகப்புரை வாசிக்கப்படும் என்றதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"இந்திய மக்களாகிய நாம்."

ஒரு திக்கல் இல்லை. கணீரென்று விழுந்தது. நான் மூச்சு விட்டேன்.

அதோடு நிறுத்திவிட்டாள்.

மறந்துபோகவில்லை. மறுபாதிக்காகக் காத்து நின்றாள். அவளுக்கு அப்படித்தானே பழக்கியிருந்தோம்! அத்தனை நாளும் அவள் வாக்கியத்தில் பாதி எங்களிடம்தான் இருந்தது. மேடையில் முழுசையும் ஒருத்தியே சொல்ல வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவேயில்லை. செபமாலையிலேயே பிறந்து வளர்ந்த புத்தி எங்களுடையது.

மைக் இரைந்தது. அக்காவின் கழுத்து நரம்பு மெல்லப் புடைக்க ஆரம்பித்தது. அதிகாரி செருமினார். பெரிய டீச்சர் ஓர் அடி முன்னால் வைத்தார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லமாட்டாள் என்று புரிந்தது. 'அவ வாயால சொல்லணும்' என்று பேசி வைத்ததே அவள்தான். அவள் எடுத்துக்கொடுத்தால் அது அக்கா சொன்னதாகாது. அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் போச்சு.

அப்போது சுவரோரத்திலிருந்து ஓர் ஆண்குரல் எழுந்தது. கரகரத்த, ராகம் இழுத்த குரல்.

"இந்தியாவை ஒரு குடியரசாக அமைக்கவும்."

அப்பா. கையைக் கட்டிக்கொண்டு, மேடையை மட்டும் பார்த்தபடி நின்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். நரம்பு தளர்ந்தது. "குடிமக்கள் அனைவருக்கும் நீதி" என்றாள். இந்தத் தடவை வாகைமரத்தடி முழுக்கச் சொன்னது. அதற்கடுத்த துண்டுக்கு என் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரின் அம்மாமார் எங்கள் வீட்டுச் செபமாலைக்கு வருகிறவர்கள். எண்ணத்திலும் பேச்சிலும் என்று அக்கா, நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் சுதந்திரம் என்று நாங்கள். நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்று முடிந்தபோது அத்தனை கூட்டமும், பழக்கதோஷம், ஒரே குரலில் "ஆமென்" என்றது. எதிர்வீட்டு மாமி சிலுவை அடையாளம்கூடப் போட்டுவிட்டாள். துறைமுகத்து அதிகாரி எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் நின்றுகொண்டேயிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பெரிய டீச்சர் மரத்தடிக்கே வந்துவிட்டார். "இது கோயில் இல்லம்மா, அரசியல் சாசனம். ஒரு பிள்ளை தனியாச் சொல்ல வேண்டியதை இப்படி எல்லாரும் கூடிக் கத்தலாமா?"

மாமி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள். "நாம்னுதானே டீச்சர் ஆரம்பிக்கு. தனியா எப்படிச் சொல்ல?"

பெரிய டீச்சர் குடையை விரித்தார். அதில் முகத்தை மறைத்துக்கொண்டு போனார். அவர் கோபமாகப் போனதாகத்தான் அன்று நினைத்தேன். கோபக்காரர்களுக்குத் தோள் அப்படிக் குலுங்குமா என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா முன்னால் போனாள், அப்பா அவளுக்குப் பின்னால். நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன்.

"அப்பாவுக்கு எப்படிம்மா மனப்பாடம்?"

"வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானளா இருந்தாவ."

"அப்பம் ஏன் நம்மகூட உள்ள வந்து சொல்லல?"

அம்மா அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கப்பாவுக்கும் அப்படித்தான். அக்காவுக்கு இருக்கது அவுககிட்ட இருந்து வந்தது. கடலுக்கு அடியில பேச வேண்டாம்லா, அதான் சின்ன வயசுலேயே குளிக்கப் போயிட்டாவ. ஊருக்கே தெரியாது. கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல சாமியார் வாக்குக் கேக்காரு, இவுகளுக்கு வாய் வரல. வேர்த்துக் கொட்டுது. நான் முக்காட்டுக்குள்ள இருந்து கூடவே மெள்ளச் சொன்னேன். கூடச் சொன்னதும் வந்துட்டு."

"இன்னைக்கு யாரும் கூடச் சொல்லலையே?"

"ராகத்துல வந்துட்டுபோல. இல்ல, பிள்ள நிக்கத நெனச்சு வந்துட்டோ, என்னமோ." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கர்வம் என்று நாங்கள் நினைத்தது அதுதான். மகளைக் கிட்டங்கிக்கு அனுப்பத் தலையாட்டியதும் அதனால்தான். தான் ஒளிந்துகொண்ட இடத்தைவிடப் பத்திரமான இடம் மகளுக்கும் இருக்காது என்று அந்த மனுஷர் நம்பியிருக்கிறார்.

சாயங்காலம், செபமாலைக்குப் பெண்கள் கூடும் நேரத்தில், சொன்னபடி அண்ணாச்சி வந்தார். பள்ளிக்கூடத்து விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "கேள்விப்பட்டேன். ஆனா எல்லாரும் சேந்து சொன்னதத் தனியாச் சொன்னதா எடுத்துக்கிட முடியுமா? நீங்கதான் சொல்லணும்" என்றார், அப்பாவைப் பார்த்து.

அம்மா பேச வாயெடுத்தாள். அப்பா கையைக் கவிழ்த்துக் காட்டினார். படியிலிருந்து எழுந்து நின்றார். இத்தனை வருடமும் வெளியாள் முன்னால் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டவர், அன்று வாயைத் திறந்தார்.

"அவ... ப... ப..."

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது, அக்காவுக்குப் புடைப்பதுபோலவே. அண்ணாச்சி பதறிப்போனார். அவருக்கு இது தெரியாது. தர்மசங்கடம் தாங்காமல் அவரே முடிக்கப் பார்த்தார். "பண்டிகை கழிச்சு அனுப்புதேங்கியளா?"

அப்பா இல்லை என்று தலையை அசைத்தார். விட்டுவிடவில்லை. படியைவிட்டு இறங்கவுமில்லை, உள்ளே போகவுமில்லை. அத்தனை பேர் பார்க்க, வேர்த்து வடிய, அந்த ஓர் எழுத்தோடு நின்றார். "ப... ப..."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அவர் பக்கத்தில் நின்றாள். அவருடைய முதல் பாதியை வாங்கிக்கொண்டு மறுபாதியைச் சொன்னாள்.

"படிக்கட்டும்."

அப்பா அவள் தலையில் கையை வைத்தார். கொஞ்சமும் திக்காமல், "ஆமென்" என்றார்.